பட்டியலில் இல்லாத பதினொரு வாய்க்கால்

போன மாதம் ஒரு மத்தியானம் என் பழைய அலுவலகத்திலிருந்து சுகன்யா ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்தவள் அவள். இப்போதெல்லாம் புரோகிராமை யாரும் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுவதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் இன்னது வேண்டும் என்று சொன்னால் காபி ஆறுவதற்குள் எழுதித் தந்துவிடுகிறது. அப்படி வந்த ஒன்றைத்தான் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஒரு கோப்பைத் திறந்து, அதிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கிற ஆறே வரி. "மேடம், சும்மா ஒரு பார்வை பாருங்க, சரியா இருக்கான்னு" என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் ஆறு வரியையும் படிக்கவில்லை. முதல் வரியில் ஒரே ஒரு சொல்லைத் தேடினேன். படிக்கிற எழுத்தை வாங்கி வைக்கும் பெட்டி என்ன வகை என்று அங்கே எழுதியிருக்கும். சரியான வகைதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், சம்பளம் இல்லை, பொறுப்பு இல்லை, இருந்தும் கை வியர்த்துவிட்டது.

சரியாக இருக்கிறது என்று பதில் போட்டேன். முதல் வரியைப் பார்த்ததும் எனக்குப் படபடப்பு வந்ததையும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். குடவாசலுக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரும் சுற்றிவிட்டுக் கடைசியாக எட்டிப்பார்க்கிற ஓர் ஊரில் பிறந்தேன். அந்த மாதிரி ஊர்களைக் கடைமடை என்பார்கள். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நட்டு அறுத்தவர்கள். அண்ணன் எட்டு மா நிலத்தை, இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, குத்தகைக்குப் பிடித்துச் சொந்தமாகப் பயிர் வைத்தான். என்னைப் படிக்க வைத்ததும் அவன்தான். கல்லூரியில் கணக்குப் படித்தேன். பிறகு மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். ஆறு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மற்ற ஐந்து பேரும் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்துக் கற்றோம். சி என்கிற மொழியை அங்கேதான் படித்தேன். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் எழுதியதில் ஒரு தப்பு இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வருடமே தஞ்சாவூரில் பாசனம் சம்பந்தமான ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் பிரிவு என்று பெயர். ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் போடும் ஒரு பிரின்டர், மூன்று பேர். தட்டச்சு செய்ய கோமதி, புரோகிராம் எழுத நான், எங்கள் இருவருக்கும் மேலே ஜமாலுதீன் சார்.

சார் கூத்தாநல்லூர்க்காரர். வாலிபத்தில் கடல் கடந்து போய், அறை நிறைய நிற்கிற பழைய காலத்துக் கம்ப்யூட்டர்களோடு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். திட்டுகிறவரைப் புரிந்துகொள்ளலாம். இவரோ எந்தத் தப்பைக் கொண்டுபோனாலும், "உக்காருங்க செல்வி. நான்தான் கம்ப்யூட்டர். நீங்க எழுதினத வரி வரியாப் படிங்க, நான் அதையே செய்யறேன்" என்பார். தாளில் கட்டங்கள் போட்டுக்கொள்வார். நான் படிக்கப் படிக்க, சொன்னதை மட்டும் செய்வார். நான் மனதில் நினைத்ததைச் செய்யவே மாட்டார். "நீங்க அப்படிச் சொல்லலியே" என்று அப்பாவியாகப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் என் முட்டாள்தனம் பென்சில் எழுத்தில் தாள்மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

அணையில் தண்ணீர் குறைவாக இருக்கிற வருடங்களில் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. முறை வைத்து விடுவார்கள். பகலில் இந்த வாய்க்கால், இரவில் அந்த வாய்க்கால், இத்தனை மணி நேரம் என்று. அந்த முறைப் பட்டியலைப் போடுவதுதான் என் முதல் பெரிய புரோகிராம். முன்பு ஒரு குமாஸ்தா கையால் எழுதியது அது.

காலை பத்து மணிக்கு ஆற்று மட்டம் போனில் வரும். வாய்க்கால்களின் பெயரும் பரப்பும் உள்ள கோப்பை கோமதி தமிழில் தட்டச்சு செய்து வைத்திருப்பாள், வரிக்கு ஒரு வாய்க்கால். என் புரோகிராம் அந்தக் கோப்பை முதலிலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்து, வரி முடிந்ததும் அந்த வாய்க்காலுக்குரிய நேரத்தைக் கணக்கிட்டு அச்சடிக்கும். கோப்பு முடிந்ததும் 'பட்டியல் முற்றும்' என்று அடியில் ஒரு கோடு போட்டு முடிக்கும். அந்தக் கோட்டின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை. பதினோரு மணிக்குப் பட்டியல் பொறியாளர் மேசைக்குப் போகும். பன்னிரண்டுக்குள் ஒருவர் அதைப் பார்த்து ஒவ்வொரு பகுதிக்கும் போனில் படிப்பார். மதகுகளில் நிற்கிற லஸ்கர்கள் கேட்டுக்கொண்டு, பெயர் வந்த வாய்க்காலின் ஷட்டரை மட்டும் சாவி போட்டுத் தூக்குவார்கள். பட்டியலில் பெயர் இல்லாமல் ஒரு ஷட்டரும் ஏறக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்றாவது வருடம் தண்ணீர் மிகவும் குறைவு. அந்த வருடம்தான் பக்கத்துப் பிரிவிலிருந்து பதினொரு கடைமடை வாய்க்கால்களை எங்கள் பிரிவில் சேர்த்தார்கள். கோமதி ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து அவற்றைக் கோப்பின் கடைசியில் ஏற்றினாள்.

"மேடம், உங்க ஊரு வாய்க்கா இனிமே நம்ம கையில" என்று சிரித்தாள்.

ஆமாம், அந்தப் பதினொன்றில் எங்கள் ஊர் வாய்க்காலும் ஒன்று. அண்ணனுக்குப் போன் போட்டு, "இனிமே தண்ணி வந்தா தங்கச்சி விட்டதுன்னு சொல்லு" என்று ஜம்பம் அடித்தேன். ஜம்பம் அடித்தவள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. தினம் அடியில் கோடு விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன். கோடு அழகாக விழுந்தது.

முறை தொடங்கிய ஐந்தாம் நாள் அண்ணன் கூப்பிட்டான். "செல்வி, நாத்து பறிச்சு நட்டாச்சு. இன்னும் தண்ணி வரல. பயிரு பச்சை புடிக்கணும்ல."

"கடைமடைதானேண்ணா, மெதுவாத்தான் வரும். என்னைக்கு நமக்கு மொதல்ல வந்திருக்கு?" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான்தான் அப்படிச் சொன்னேன்.

ஏழாம் நாள் பொறியாளரே எங்கள் அறைக்குப் போன் செய்தார். சார் அன்று விடுப்பு. நான் எடுத்தேன். கடைமடையில் விவசாயிகள் மறியல் செய்திருக்கிறார்கள். அங்கே மதகுகளைப் பார்க்கிற வீரையன் என்கிற லஸ்கர், மேலே இருக்கிற ஊர்க்காரர்களிடம் எதையோ வாங்கிக்கொண்டு ஷட்டரைத் திறக்கவில்லை என்று புகார். கேட்டால், பட்டியலில் எங்கள் வாய்க்கால் வரவே இல்லை என்று அவர் சொல்கிறாராம்.

"உங்க பட்டியல் சரியாத்தானே வருது?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சார்" என்றேன்.

பட்டியல் என் கைக்கெட்டும் தூரத்தில், பிரின்டர்மேல் கிடந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், ஆயுளில் பயப்படாமல் பதில் சொன்ன ஒரே நாள் அதுதான். அன்று சாயங்காலமே வீரையனிடமிருந்து மதகுச் சாவிகளை வாங்கிக்கொண்டு அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் இடத்துக்கு வேறொரு லஸ்கரை அனுப்பினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் மறுபடி கூப்பிட்டான். குரலே மாறியிருந்தது.

"வயலு வெடிச்சுப் போச்சு செல்வி. காலு வச்சா பாளம் பாளமாப் பேருது. பக்கத்து வயலு ராசாத்தி அக்கா தலையில கைய வச்சிக்கிட்டு வரப்புலயே உக்காந்திருக்கு. அந்த வீரையன் போனதும் விடிஞ்சிரும்னு பாத்தோம். புது ஆளு வந்து மூணு நாளாச்சு. அவனும் தொறக்க மாட்டேங்கறான். கேட்டா, போன்ல பேரு வரலங்கறான்."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் எனக்கு உறைத்தது. ஒரு ஆள் பொய் சொல்லலாம். அவரை எடுத்துவிட்டுப் போட்ட ஆளும் ஏன் அதே பொய்யைச் சொல்ல வேண்டும்? போனை வைத்தேன். தலைகூடச் சரியாக வாராமல் அலுவலகத்துக்கு ஓடினேன்.

முந்தைய நாள் பட்டியலை எடுத்து விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. கோமதியின் கோப்பைத் திரையில் திறந்து எண்ணினேன். ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் பதினொன்று குறைந்தது. பத்து நாள் பட்டியல்களையும் தரையில் பரப்பினேன். பத்திலும் நாற்பத்தொரு வாய்க்கால், அதன் கீழே 'பட்டியல் முற்றும்', அதன் கீழே என் அழகான கோடு.

ஜமாலுதீன் சார் உள்ளே வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சார் என்னைத் தேற்றவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மொதல்ல தண்ணி. காரணத்த அப்புறம் பாப்போம்" என்றார். அன்றைய பட்டியலை அச்சடிக்கச் சொன்னார். நாற்பத்தொன்றாவது வரிக்குக் கீழே, என் கோட்டை அடித்துவிட்டு, பதினொரு வாய்க்காலின் பெயரையும் நேரத்தையும் பென்சிலால் எழுதினார். எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டார். தானே எடுத்துக்கொண்டு பொறியாளர் அறைக்குப் போனார். பன்னிரண்டு மணிக்கு முன்பே அந்தப் பதினொரு பெயரும் போனில் போய்விட்டன. அங்கிருந்து தண்ணீர் எங்கள் ஊர் போய்ச் சேர இன்னும் ஒன்றரை நாள் ஆகும். அதை யாராலும் வேகப்படுத்த முடியாது.

திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. நான்தான் கம்ப்யூட்டர்."

என் புரோகிராமை அச்சடித்துக் கையில் கொடுத்தார். கோப்பில் உள்ள எழுத்துகளையும் அவற்றின் எண்களோடு அச்சடித்து வைத்துக்கொண்டோம். அன்றைக்கு நாங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். பூஜ்யத்தில் தொடங்கி இருநூற்று ஐம்பத்தைந்தோடு சரி, அதற்குமேல் இடம் கிடையாது. ஆக மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு.

சார் தாளில் ஒரு சின்னப் பெட்டி வரைந்தார். நான் சொல்கிற எண்ணை அதில் எழுதுவார். "முடிஞ்சுதா?" என்று தன்னையே கேட்பார். "முடியல" என்று தானே பதில் சொல்லி அடுத்த எழுத்துக்குப் போவார். நாற்பதாவது வரியிலிருந்து தொடங்கினோம். அதற்கே முக்கால் மணி நேரம். என் கண் சுவர்க்கடிகாரத்திலும், மனம் அண்ணன் வயலிலும் இருந்தன.

நாற்பத்தொன்றாவது வரி முடிந்தது. அடுத்து வாய்க்கால் பெயர் வர வேண்டும். வரவில்லை. ஒற்றை எழுத்து மட்டும் தனி வரியில் நின்றது.

"இருநூத்தி அம்பத்தஞ்சு சார்."

"அது என்ன எழுத்து?"

கோமதி எட்டிப்பார்த்தாள். "அது பிள்ளையார் சுழி சார். புதுசா பதினோரு வாய்க்கா ஏத்தினேன்ல, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போட்டேன்."

எழுத்துருவைச் செய்த யாரோ ஒரு புண்ணியவான், எல்லா எழுத்தையும் அடுக்கிவிட்டு மிச்சமிருந்த கடைசி இடத்தில் பிள்ளையார் சுழியை வைத்திருந்தார். கோமதி வீட்டுச் சாமான் சீட்டு எழுதினாலும் சுழி போட்டுத்தான் எழுதுவாள். பழைய நாற்பத்தொன்றை ஏற்றிய நாளில் அந்தச் சுழி எந்த விசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாததால்தான் இரண்டு வருடம் தப்பித்தோம். திரையில் அது பாட்டுக்கு அழகாக உட்கார்ந்திருந்தது. அதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது.

சார் பெட்டிக்குள் எட்டு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். கம்ப்யூட்டர் கணக்கில் இருநூற்று ஐம்பத்தைந்து என்பது அதுதான். "எந்த வகைப் பெட்டி இது? என்னன்னு அறிவிச்சிருக்கீங்க?"

"கேரக்டர் வகை சார்."

"அந்தப் பெட்டியில எட்டு ஒண்ணு இருந்தா நம்ம மெஷினு அத என்னன்னு படிக்கும்?"

"மைனஸ் ஒண்ணு சார்."

"கோப்பு முடிஞ்சா என்ன வரும்?"

"மைனஸ் ஒண்ணு."

சார் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு வேலை முடிஞ்சுது. கோடு போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

இதைக் கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கோப்பிலிருந்து ஓர் எழுத்தைக் கேட்டால் இருநூற்று ஐம்பத்தாறில் ஏதாவது ஒன்று வரும். இனிமேல் ஒன்றும் இல்லை என்கிற தகவலும் அதே வழியாகத்தான் வரும். அதையும் சேர்த்தால் இருநூற்று ஐம்பத்தேழு. இத்தனையையும் பிரித்து அறிய பெரிய பெட்டி வேண்டும். அதற்கு இன்டிஜர் வகை என்று பெயர். எழுத்துதானே வருகிறது என்று நான் எழுத்தளவுக்குச் சின்னப் பெட்டி வைத்திருந்தேன். அதற்குள் விழுந்த கடைசி எழுத்தும், 'ஒன்றும் இல்லை' என்பதும் ஒரே முகமாகத் தெரிந்தன. ஆங்கில எழுத்துகள் எல்லாம் பாதி எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தப்பு ஆயுசுக்கும் தெரியாமல் போயிருக்கும். மாடி வகுப்பு வாத்தியாருக்கும் அப்படித்தான் தெரியாமல் போயிருக்கிறது.

கோமதி முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். "சாமி பேர்ல போட்டது சார், இப்படி ஆவும்னு நெனைக்கல."

"அழாதீங்கம்மா. நானும் எந்தத் தாள எடுத்தாலும் மேல 786 போடாம எழுத மாட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நாளைக்கும் போடுங்க. புரோகிராமுதான் அதைத் தாங்கணும்" என்றார் சார்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். கேரக்டர் என்பதை இன்டிஜர் ஆக்கினேன். ஐம்பத்திரண்டு வாய்க்காலும் வந்தன. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

காரணம் வீரையன். தண்ணீர் விட்டாகிவிட்டது, புரோகிராம் சரியாகிவிட்டது, ஆனால் அவர் சாவி திரும்பவில்லை. பொறியாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை. அன்றைய நெருக்கடியில் மறியலை முடிக்க அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டிருந்தது. "சரி பண்ணிட்டீங்கல்ல, விடுங்க. விசாரணையில அவன் விஷயம் தானா வெளிய வரும். இப்ப கம்ப்யூட்டர் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு எந்தப் பட்டியலையும் எவனும் நம்ப மாட்டான்" என்றார். எழுத்தில் யாராவது கொடுத்தால் நடவடிக்கை எடுப்பேன், வாய்வார்த்தையாக முடியாது என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் சாரைப் பார்த்தேன். எழுதுங்கள் என்று அவர் சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் சொல்லவில்லை.

"நான் எழுதினா செல்லாது செல்வி. புரோகிராம் உங்க பேர்ல இருக்கு. அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும். எழுதிக் குடுத்தா அது என்ன ஆகும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு நாள் நான் எழுதவில்லை. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அண்ணன் அந்த வருடக் குத்தகையைப் பிடித்திருந்தான், அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். விசாரணையில் தானாக வெளியே வரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. யாராவது கதவைத் திறந்தால் வீரையன்தான் வருகிறார் என்று தூக்கிவாரிப்போட்டது. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டுத் தண்ணீர் வந்துவிட்டது என்றான். அவன் பயிர் முக்கால்வாசி தேறிவிடும். ராசாத்தி அக்கா வயல் போனது போனதுதான், திரும்ப விதைக்க வேண்டும். வைக்கப் போகிற நேரத்தில், "அந்த வீரையன் பயலத்தான் ஊருக்குள்ள விட மாட்டேங்கறானுங்க. அவன் பொண்டாட்டி நடவுக்கு வந்தாகூட யாரும் சேத்துக்கறதில்ல. வாங்கித் தின்னவன் பொண்டாட்டின்னு" என்று சிரித்தான்.

அவன் சிரித்தது என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, அவர் வாங்கல. பட்டியல்ல பேரே இல்ல. பேர விட்டது நான்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அன்று காலை பத்து மணிக்குள் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம். இன்ன வரியில் இன்ன வகை என்று தவறாக அறிவித்தேன், அதனால் பதினொரு வாய்க்கால்கள் பத்து நாள் பட்டியலில் வரவில்லை, ஏழாம் நாள் கேட்டபோது பட்டியலைப் பார்க்காமலேயே சரி என்று பதில் சொன்னேன், லஸ்கர் வீரையன் உத்தரவுப்படியே நடந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டேன். எனக்கு மெமோ வந்தது. ஒப்பந்தம் ஐந்து மாதம் புதுப்பிக்கப்படாமல் தொங்கியது. அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு தபாலுக்கும் செத்துப் பிழைத்தேன். ஆனால் வீரையனுக்கு அந்த வாரமே சாவி திரும்பக் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேராக மதகுக்குப் போனேன். காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் ஷட்டர் மேடையில் குந்தி, திருகுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான்தான் தஞ்சாவூர்ல அந்தப் பட்டியல் போடறவ. தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "தெரியும்மா. எழுதிக் குடுத்தீங்களாமே. நிழல்ல உக்காருங்க" என்றார். திட்டுவார் என்று நினைத்துப் போனவளுக்கு அந்த மரியாதை இன்னும் கஷ்டமாக இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"மொத நாளே பேரு வரலன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேய்யா?"

"தெரிஞ்சுதும்மா. நாப்பத்தோரு பேரு படிச்சாங்க, வச்சிட்டாங்க. சரி, இந்த வருசம் தண்ணி கொறச்சல், நம்மள விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். புதுசா நடக்கறதா என்ன?" ஷட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முன்னாடி கையால எழுதுனாரு ஒருத்தரு. அவரு விட்டுட்டா நேரா போயி நின்னு கேக்கலாம். இப்ப கம்ப்யூட்டரு போடுதுன்னு சொன்னாங்க. அதுகிட்ட யாரு போயி கேக்கறது?"

பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எங்கள் அறையின் போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன். "என்கிட்ட கேளுங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அவர் நினைக்கவில்லை. அடுத்த வருடம் முறை தொடங்கிய முதல் நாள் பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. "வீரையன் பேசறம்மா. எங்க பேரெல்லாம் இருக்கா?" ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தாளை எடுத்து, பதினொரு பெயரையும் விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். அதிலிருந்து முறை வைத்த வருடமெல்லாம் வந்தது. ஜமாலுதீன் சார் ஓய்வு பெற்றுக் கூத்தாநல்லூருக்கே போய்விட்டார். கோமதி மகளோடு போய் இருக்கிறாள். வீரையனும் வேலையை விட்டு எத்தனையோ வருடமாகிறது. போன் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அது மணியடிக்கும்போது எனக்கு நெஞ்சு படபடக்கும். ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் சொன்னேன்.

இந்த வருடமும் முறை வைத்திருக்கிறார்கள். முதல் நாள் நான் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. வீட்டு எண்ணையும் முன்பே வீரையனுக்குக் கொடுத்திருந்தேன்.

"எங்க பேரெல்லாம் இருக்காம்மா?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேனேய்யா. போன தடவையே சொன்னேனே. இப்ப பட்டியல் செல்லுலயே வருது. உங்க மவன்கிட்ட சொன்னா பாத்துச் சொல்வாரு."

"பாத்துட்டாம்மா. இருக்குன்னு சொல்றான்."

"அப்புறம் என்ன?"

பேசுவதற்கே மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது அவருக்கு.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அதை அப்படியே சொன்னேன். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டு, கீரைக் கையைக் கழுவிக்கொண்டு வந்து செல்லில் பட்டியலைத் திறந்தேன்.